வளைகாப்பு நாளில் வந்த ரிசல்ட்

என் மாமியார் தனக்கோடிக்கு ரத்தம் எடுக்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. நான் மாசமான நாளிலிருந்து ஒவ்வொரு பரிசோதனைக்கும் கூடவே வருவார். ஊசி குத்துவது எனக்கு, முகம் சுளிப்பது அவர். வீட்டுக்கு வந்ததும் போன ரத்தத்துக்கு ஈடாக மாதுளை உரித்துக் கொடுத்து, கடைசி முத்து வரை தின்கிறேனா என்று எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அன்புதான். ஆனாலும் சில நாள் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது வாடகைக் குடித்தனங்கள். அங்கே யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் கஞ்சியோடு போய் நிற்பவர் அத்தைதான். அப்படிப்பட்டவர் விசேஷம் என்றால் மட்டும் ஒதுங்கிவிடுவார். மாமா போன பிறகு நல்ல காரியத்தில் அவர் முன்னால் வந்து நின்றதே இல்லை. நான் சண்டை போட்டும் பார்த்துவிட்டேன், பலிக்கவில்லை.

ஏழாம் மாதத்தில் எனக்குக் கால் வீங்கியது. பார்த்தவர்கள் பூரிப்பு என்றார்கள், அத்தைக்கும் பெருமை. டாக்டர் மட்டும் பிரஷர் கொஞ்சம் ஏறியிருப்பதைப் பார்த்து இன்னொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். நஞ்சுக்கொடியில் கோளாறு என்றால் ரத்தத்தில் ஒரு புரதம் கூடுமாம், இன்னொன்று குறையுமாம். இரண்டையும் ஒப்பிட்டால், பிரஷர் எகிறி வலிப்பு வரை போகும் ஆபத்து உண்டா என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம் என்றார். மறுபடியும் ரத்தமா என்று அத்தை வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.

மறுநாள் வளைகாப்பு. முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். அத்தை சமையலறை வாசலிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார், கூப்பிட்டும் வரவில்லை. பந்தி பரிமாறும்போது டாக்டர் போன் செய்தார். ரிசல்ட் மோசம், உடனே வந்து அட்மிட் ஆக வேண்டும் என்றார். எனக்கோ உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. சாப்பிட்டு முடித்து சாயங்காலமாகப் போகலாமே என்று என் அம்மா இழுத்தார்.

"ரெத்தத்துல தெரிஞ்ச பொறவு சோறு இன்னா சோறு? வண்டிய எடுடா" என்று அத்தை தன் மகனை விரட்டினார். என் கணவர் முகிலன் கை கழுவக்கூட இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் என் கைகளும் வீங்கி வளையல்கள் இறுகிவிட்டன. ட்ரிப்ஸ் ஊசி ஏற்றக் கையில் இடமில்லை. நர்ஸ் சாராள் சோப்பு போட்டு இழுத்துப் பார்த்தார். சில வந்தன, மற்றவை அசையவில்லை. உடைக்கத்தான் வேண்டும் என்றார். பிரசவம் வரை கழற்றவே கூடாத வளையல்கள். அதை உடைப்பதா என்று அம்மா அழ ஆரம்பித்தார். எனக்கும் பயம்தான், பொய் சொல்வானேன்.

அத்தை முன்னால் வந்து தன் முந்தானையை என் மணிக்கட்டில் சுற்றினார். மாமா போன அன்று அவர் கை வளையல்களையும் யாரோ இப்படித்தான் உடைத்திருப்பார்கள்.

"கண்ணாடி கடைத்தெரு பூரா கீது கண்ணு. எனக்கு நீ ஒருத்திதான் கீற" என்று சொல்லி, கட்டில் கம்பியில் தட்டி ஒவ்வொன்றாக உடைத்தார்.

பொழுது சாய்வதற்குள் பிரஷர் எகிறியது. ஊசி ஏற்கெனவே கையில் இருந்ததால் மருந்து உடனே ஏறியது. வலிப்பு வரவில்லை. சில நாள் தாக்குப்பிடித்து, பிறகு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, உள்ளங்கை இரண்டுக்குள் அடங்கும் அளவு. வளையலை உடைத்த கைராசி, அதனால்தான் குறைமாதம் என்று ஒரு சொந்தக்காரி சொன்னது அத்தை காதில் விழுந்துவிட்டது. அதன் பிறகு அவர் குழந்தையைக் கண்ணாடி வழியே மட்டும் பார்த்தார்.

குழந்தை தேறியதும் சாராள் வெளியே எடுத்துவந்து யார் வாங்கிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். அத்தை சுவரோரம் நகர்ந்தார்.

"நீங்கதான் அத்தை வாங்கணும். அந்தக் கையாலதான் நாங்க ரெண்டு பேரும் பொழைச்சிருக்கோம்" என்றேன்.

அத்தை கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு நீட்டினார்.