டீயா, சாயமா?

பாடியில் எங்கள் பட்டறைக்கு எதிரே உணவுப் பரிசோதனை வண்டி வந்து நின்றது. “நம்ம தூளு சுத்தம், வந்து பாரு நைனா” என்று டீக்கடைக்காரர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஈரத் தாளில் டீத்தூளைத் தூவியதுமே சிவப்பாகக் கறை பரவியது.

“சாயம் கலந்திருக்கு” என்றார் பரிசோதித்த பெண்.

டீக்கடைக்காரர் கடைக்குத் திரும்பி, எல்லோர் கண்ணெதிரிலும் டிகாக்‌ஷனைச் சாக்கடையில் கொட்டினார். இனி இங்கே யார் வருவார்கள் என்று பார்க்கவே மறுநாள் போனேன். கூட்டம் குறையவில்லை. வேறு தூளில் போட்ட டீயை நீட்டினார்.

“இன்னா அண்ணாத்தே, வெளுத்துக் கீது?”

“டீயோட கலரே இதான் நைனா. நானே இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

மணமாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் ‘ஸ்ட்ராங்கா ஒண்ணு’ என்று கேட்டுப் பழகிய என் நாக்கு, கொட்டிய அந்தச் சாயத்தைத்தான் தேடியது.