கையில் இருந்த டேபிள்

இருபது வருடங்களுக்கு முன், ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் தலைவன். ஒரு மதியம், டேட்டாபேஸின் டேபிள்களில், அதாவது பதிவு அட்டவணைகளில், ஒவ்வொன்றாகப் பழைய பதிவுகளை அகற்றும் பராமரிப்பு வேலையைப் பின்னணியில் ஓடவிட்டேன். அது வேகமெடுத்ததில் டேட்டாபேஸ் திணறி, பெட்டிகளுக்கு லேபிள் அச்சாவது ஏறக்குறைய நின்றேபோனது. லேபிள் இல்லாமல் லாரி கிளம்பாது.

“இன்னா சார், டிரைவர் கத்திகினு கீறான்!” என்று டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

எங்கள் பிரிவின் ஒப்பந்த ஊழியர், சாத்தூர்க்காரி முத்துலட்சுமி, செட்டிங் ஃபைலில் பராமரிப்பின் வேகத்தைக் குறைத்து எழுதினாள். அதை மறுபடி படிக்கும்படி டேட்டாபேஸுக்குக் கட்டளையும் கொடுத்தாள். எதுவும் மாறவில்லை.

“கான்ட்ராக்ட்ல வந்தவளுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டு, பராமரிப்பையே நிறுத்தப் போனேன். பாதியில் நிறுத்தினால், அதுவரை செய்ததையெல்லாம் டேட்டாபேஸ் பழையபடி மாற்றி முடிக்கும்வரை ஒரு லேபிளும் வராது. எனக்குத் தெரிந்ததுதான், ஆத்திரத்தில் மறந்துவிட்டேன்.

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “பொறுங்க சார். லைன்ல கையில இருக்க பீஸை முடிச்சிட்டுத்தான அடுத்த ஆர்டரப் பாப்பாக? இதுவும் இந்த டேபிளை முடிச்சிட்டுத்தான் புது செட்டிங்கைப் பாக்கும்.”

நான்கு நிமிடம் காத்திருந்தோம். அந்த டேபிள் முடிந்ததும் பராமரிப்பின் வேகம் குறைந்தது. பிரிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சடசடத்தன. லாரி நேரத்துக்குக் கிளம்பியது.

“கில்லாடி சார் நீ!” என்று சூப்பர்வைசர் என் கையைக் குலுக்கினார்.

“நான் இல்லப்பா, இந்தப் பொண்ணு” என்றேன் உரக்க. எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் திட்டியதற்கு மன்னிப்பு மட்டும் நான் கேட்கவேயில்லை. பாராட்டியதே போதும் என்று நினைத்துவிட்டேன். போதாது.