அகலத் திரைக்கு வெட்டிய கல்யாணம்

அத்தையின் கல்யாண வீடியோவை முதலில் போட்டுப் பார்த்தது உறுவையாற்றில், அவளுடைய மாமியார் வீட்டில். அவர்கள் புதிதாக வாங்கியிருந்த அகலமான டி.வி.யில் படம் நடுவில் மட்டும் நின்றது. இரண்டு பக்கமும் கறுப்பு. ரிமோட்டில் எதையோ அழுத்தியதும் படம் இழுபட்டு, மாப்பிள்ளை உட்பட எல்லோரும் பூசணிக்காய் போல ஆனார்கள். மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டது. வீடியோ எடுத்தவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. அவருடையது கேசட் போடும் பழைய கேமரா. குடும்ப மானத்தைக் காப்பாற்ற சி.டி.யைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. காலாண்டு லீவு. சேலியமேட்டிலிருந்து தினமும் அவருடைய வண்டியில் ஏறி, பாகூர் கடைத்தெருவில் இருந்த ஸ்டுடியோவுக்குப் போய்விடுவேன். திரையை நிரப்ப வேண்டுமானால் படத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் மேலேயும் கீழேயும் வெட்டுப்படும். சித்தப்பா ஒவ்வொரு காட்சியிலும், எந்தப் பகுதி திரையில் நிற்கும் என்று காட்டும் கட்டத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"மூஞ்சி போச்சுன்னா சண்டைக்கு வந்துடுவாங்க பாப்பா. கால் போனா எவனும் கேக்க மாட்டான்" என்றார்.

இரண்டாம் நாளே மௌஸை என்னிடம் கொடுத்துவிட்டார். பந்தியில் இலைகளை வெட்டினேன். நாதஸ்வரக்காரரின் வயிற்றை வெட்டினேன். அவ்வளவு பெரிய வேலையை அதுவரை யாரும் என்னை நம்பிக் கொடுத்ததில்லை.

மூன்றாம் நாள் மேடைக் காட்சி வந்தது. மணமக்களுக்குப் பக்கத்தில் அப்பாவும் அம்மாவும். கல்யாணத்தன்று அதற்குச் சற்று முன்புதான் அம்மா மண்டபத்து வாசலில் தன் அண்ணனிடம், "என்னை நம்ம வூட்டுக்கே இட்டுகினு போயிடுண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போட்டோவுக்கு நிற்க வேண்டும் என்று அப்பா வந்து அழைத்துப் போனார். திரையில் அம்மா சிரித்துக்கொண்டு நின்றாள். கீழே, புடவை மடிப்போரம், அப்பாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிடி திரும்பியது. இரண்டு கண்ணாடி வளையல்கள் உடைந்து விழுந்தன. அம்மாவின் சிரிப்பு மாறவில்லை.

"சித்தப்பா, அம்மா வளையல் உடையுது."

அவர் படத்தை நிறுத்தினார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"மேல ஏத்திடு பாப்பா. மூஞ்சி நல்லா வரணும்."

ஏற்றினேன். கை போனது. அம்மா அழகாக இருந்தாள்.

புது சி.டி. எல்லோருக்கும் பிடித்தது. பழைய சி.டி.யை உடைத்துப் போட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததையும் சித்தப்பா அழித்தார். கல்யாணம் எடுத்த கேசட்டின் மேலேயே அடுத்த வாரம் பண்டசோழநல்லூரில் ஒரு காதுகுத்தை எடுத்துவிட்டார்.

கார்த்திகை மழையில் அம்மா இறந்துபோனாள். தீராத வயிற்றுவலி, அதனால் மனம் வெறுத்துப்போய்விட்டாள் என்று வீட்டில் சொன்னார்கள். போலீசிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அம்மாவுக்கு வயிறு வலித்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரியாமல் வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் மாமா, அம்மாவின் அண்ணன், ஸ்டுடியோவுக்கு வந்தார். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நானும் அங்கே இருந்தேன்.

"மேடையில அவன் கையை முறுக்கினதைக் கீழருந்து பார்த்தேன். உன் கேமராவுல இருக்கும். போடு" என்றார்.

சித்தப்பா போட்டார். மாமா அந்த இடத்தை மூன்று முறை பார்த்தார்.

"கீழ இன்னா ஆச்சு?"

"டி.வி. சைசுக்கு வெட்டினது, மச்சான்."

"கேசட்டு?"

"அதுல வேற எடுத்தாச்சு."

"யாரு வெட்டினது?"

சித்தப்பா தரையைப் பார்த்தார். என் வேலையை மாமா இவ்வளவு கவனமாகப் பார்க்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"நான்தான் மாமா. அம்மா மூஞ்சி நல்லா வரட்டும்னு நான்தான் ஏத்தி வெச்சேன்."

மாமா என்னை வெகுநேரம் பார்த்தார். என் தலையில் கை வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊர்ப்பக்கம் வரவேயில்லை.

அம்மாவின் தலைக்கு மேலே இடம் அதிகமாகிவிட்டதோ, கட்டத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்திருக்கலாமோ என்று நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.