நேபாளத்துக் கோல்கீப்பரும் நான் அளந்த கோடும்

"எட்டாவதோட நிறுத்துடா கலியபெருமாளு. மேல படிச்சி அது என்னா, மைன்ஸுக்கு மேனேஜராவா வரப்போவுது?" என்று மேஸ்திரி என் நைனாவிடம் கேட்டபோது, அவர் காலடியில் இருந்த வாளியில் சுண்ணாம்பு கொதித்து நீறிக்கொண்டிருந்தது. அந்தக் காந்தல் நெடி இப்போது எங்கே வந்தாலும் எனக்கு வெள்ளையடித்த சுவர் நினைவுக்கு வருவதில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பின் கால்பந்து மைதானமும் அதன் நடுவில் கையில் டேப்போடு நின்ற பதின்மூன்று வயதுப் பெண்ணும்தான் நினைவுக்கு வரும்.

எங்கள் வீடு நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. சுரங்கத்தில் மண் வெட்டும் கான்ட்ராக்ட் கூட்டத்தில் நைனா ஓர் ஆள். அந்தக் கூட்டத்தை நடத்தியவர் மேஸ்திரி. அந்த வருடம் முழுப் பரீட்சை முடிந்ததும், ஜூன் மாதத்திலிருந்து என்னையும் மரக்கன்றுப் பண்ணையில் களையெடுக்கச் சேர்த்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். நைனா அதற்குச் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போவேனா மாட்டேனா என்று தெரியாமல் நான் சோறு இறங்காமல் திரிந்த கோடை அது.

அந்தக் கோடையில்தான் அண்டை நாட்டுப் பையன்களின் அணிகள் மோதும் கால்பந்துப் போட்டி வந்தது. எல்லாம் பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்கள். பெரிய ஆட்டங்கள் எல்லாம் மெட்ராஸில். எப்படியோ ஓர் ஆட்டம் மட்டும் எங்கள் டவுன்ஷிப்புக்குக் கிடைத்தது. நேபாளமும் பர்மாவும். பிளாக் பிளாக்காக இதே பேச்சு. மண் வேலை தெரிந்தவர்கள் என்பதால் மைதானத்தைச் சமப்படுத்திக் கோடு போடும் வேலை எங்கள் கூட்டத்துக்கு வந்தது. அளவெல்லாம் குறித்த ஆங்கில வரைபடம் ஒன்றை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, போட்டிப் பொறுப்பாளர் விளையாட்டுக்காரர்களை அழைத்துவரப் போய்விட்டார். தாளை மேஸ்திரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எம் பொண்ணு இங்கிலீஷு படிக்குங்க," என்றார் நைனா, தரையைப் பார்த்துக்கொண்டே.

"அதயும்தான் பாத்துடுவோம், இட்டுகினு வாடா," என்றார் மேஸ்திரி.

கோல் கம்பத்திலிருந்து பெரிய கட்டத்துக்குப் பதினெட்டு, சின்னக் கட்டத்துக்கு ஆறு, பெனால்டி புள்ளிக்குப் பன்னிரண்டு என்று நான் உரக்கப் படித்தேன். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் 'ஒய்' என்று ஓர் எழுத்து இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அத்தனை பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது தெரியவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "மீட்டருதான பாப்பா?" என்று ஒருவர் கேட்டார்; தலையாட்டிவிட்டேன். சுரங்கத்தில் வெட்டும் மண்ணுக்குக் கூலியே மீட்டர் கணக்கில்தான், வேறு அளவு இருக்கலாம் என்று அங்கே யாருக்குமே தோன்றவில்லை. நைனா ஒரு முனை, நான் மறுமுனை என்று டேப்பைப் பிடித்து அளந்தோம். சாயங்காலத்துக்குள் கோடுகள் பளிச்சென்று விழுந்துவிட்டன. அன்றைக்கு நைனா நடந்த நடையே வேறு.

மறுநாள் காலை நேபாளத்துப் பையன்கள் ஆடிப் பழக வந்தார்கள். அவர்களுடைய கோல்கீப்பர், என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவன், கோல் கோட்டிலிருந்து ஏதோ எண்ணியபடி நிதானமாக அடியெடுத்து வைத்தான். பன்னிரண்டாவது அடியில் நின்றான். வெள்ளைப் புள்ளி அவனுக்கு ஒரு மீட்டர் தள்ளிக் கிடந்தது. புள்ளியைப் பார்த்தான், கம்பத்தைப் பார்த்தான், திரும்பப் போய் மறுபடியும் நடந்தான். அதே இடம். தன் தோழனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். அந்த 'ஒய்' எனக்கு நினைவுக்கு வந்தது.

வடக்குத்துக்கு ஓடினேன். பாதி விலைக்கு வாங்கிய என் பழைய கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பரீட்சைக்கு வராது என்று டீச்சர் விட்டுவிட்ட வாய்ப்பாடு ஒன்று இருந்தது. மூன்று அடி ஒரு கெஜம். பக்கத்திலேயே ஆங்கிலத்தில் யார்டு. அதன் முதல் எழுத்து ஒய். கெஜம் மீட்டரைவிடக் கொஞ்சம் சின்னது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். நேபாளத்துப் பையனைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை. சொன்னால் மேஸ்திரியின் வாய்க்கு அவல் போட்டதுபோல ஆகும். ஜூன் மாதம் நான் களைக்கொத்தோடுதான் நிற்க வேண்டும். மைதானத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். நைனாவைக் கண்டதும் தாங்கவில்லை, அழுதபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. என் கையைப் பிடித்து நேராக மேஸ்திரியிடம் கூட்டிப்போய், "நீயே சொல்லு," என்றார். சொன்னேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: அளவு தப்பினால், தப்பாக அளந்த ஆள்தான் திரும்ப மண்ணைத் தள்ள வேண்டும், மற்றவர்கள் கை வைக்கமாட்டார்கள். அதைத்தான் மேஸ்திரியும் சொன்னார். "அளந்தவ நீ. நீயே அழி."

துடைப்பத்தையும் மண்கூடையையும் எடுத்துக்கொண்டு மத்தியான வெயிலில் உட்கார்ந்தேன். சுண்ணாம்பைச் சுரண்டி அள்ளி, மேலே செம்மண் தூவி, தண்ணீர் தெளித்துத் தட்டினேன். விரலெல்லாம் வெந்தது. முதல் கட்டம் முடிவதற்குள் நைனா பக்கத்தில் வந்து குந்தினார்.

"டேய், வழக்கம் என்னா?" என்றார் மேஸ்திரி.

"டேப்போட அந்த முனைய நான்தானங்க புடிச்சேன்," என்றார் நைனா.

டேப்பின் பின்பக்கத்தில் அடிக்கணக்கு இருந்தது. ஐம்பத்து நாலு, பதினெட்டு, முப்பத்தாறு என்று நான் சொல்லச் சொல்ல, கடைசியில் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மேஸ்திரியேதான். இரண்டு மணிச் சங்கு ஊதி ஷிப்ட் மாறும்போது புதுக்கோடு காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஆட்டத்தில், ஷிப்ட் முடிந்து டிபன் கேரியரோடு வந்தவர்கள் மண்மேட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பர்மாவுக்குப் பெனால்டி கிடைத்தது. பந்தை நான் வைத்த புள்ளியில் வைத்தார்கள். பர்மாக்காரன் இடது பக்கம் உதைத்தான். நேபாளத்துப் பையன் அதே பக்கம் பாய்ந்து பந்தை வெளியே தட்டினான். மேடே எழுந்து கத்தியது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் எனக்கு இன்றும் சரியாக நினைவில்லை.

அந்தக் கூச்சலில் மேஸ்திரி நைனாவின் தோளைத் தட்டிச் சொன்னது மட்டும் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "நாம தப்பு பண்ணா தப்போட போவுது. இது தப்பும் பண்ணிட்டு, எங்க தப்புன்னு கண்டுபுடிச்சிகினும் வருது. இத அரகொறயா வுட்டா நமக்குத்தான்டா வம்பு. முழுசா படிக்க வையி."

"சரிங்க மேஸ்திரி," என்றார் நைனா. அதற்காகவே காத்திருந்தவர்போல அவ்வளவு வேகமாகச் சொன்னார்.

பத்து வருடம் ஆகப்போகிறது. அந்த மண்மேட்டை இடித்துச் சிமென்ட் படிகள் கட்டிவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் சிலர் பர்மனென்ட் ஆனார்கள், சிலர் திருப்பூர்ப் பக்கம் போனார்கள். மேஸ்திரி இப்போது இல்லை. என் பன்னிரண்டாவது தேர்வு முடிவு வந்த அன்று டவுன்ஷிப் கடையில் மிக்சர் வாங்கித் தெருவுக்கே கொடுத்தவர் அவர்தான். அவருக்கும், டேப்பின் மறுமுனையை விடாத என் நைனாவுக்கும், பெயர்கூடத் தெரியாத அந்தப் பையனுக்கும் நான் பட்ட கடன் தீராது.

உடற்கல்விப் பயிற்சி முடித்து, சென்ற ஆண்டு காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். மாவட்டக் கால்பந்துக்கு இந்த முறை பெண்கள் அணியும் அனுப்பலாம் என்று சுற்றறிக்கை வந்தது. பத்துப் பெண்களின் வீடுகளில் சம்மதம் கிடைத்துவிட்டது. பதினோராவது பெண்ணின் அப்பா மட்டும், "யோசிச்சி சொல்றேங்க டீச்சர்," என்றார். அவர் யோசிக்கட்டும். அவள் பெயரையும் சேர்த்து எழுதி, அணிப் பட்டியலை இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன்.