கறுப்பிக்கு ஒரு மணி நேர லீவு

1982ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறை தொடங்கிய அன்றே ஒட்டுசுட்டானுக்குப் புறப்பட்டேன். காரணம் ஒரு கடிதம். நான் பழக்கிக் கொடுத்த நாய் கறுப்பி சரியாகச் சாப்பிடுவதில்லை, நடுவழியில் படுத்துவிடுகிறது என்று சரசு எழுதியிருந்தாள். அவளுடைய கணவர் முனியாண்டி அண்ணை மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டித் தோட்டம் செய்தவர். கிணறு தோண்ட வைத்த வெடியில் இரண்டு கண்ணும் போய்விட்டன. கறுப்பி கயிற்றை இழுத்து வழிகாட்டினால்தான் அவரால் தோட்டத்துக்குப் போகமுடியும். அவள் படுத்துவிட்டால் அவருக்கும் வீட்டு மூலைதான் கதி. விடுவேனா நான்?

கிளிநொச்சியில் காலை ஆறரை பஸ். மாங்குளம் பதினாறு மைல். அங்கே இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் வெயிலில் காயவேண்டும். தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் போகாதீர்கள். பிறகு பதினெட்டு மைல். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஏழு ரூபாய்.

கொண்டக்டர் என் பையை மோந்து பார்த்தார். “என்ன டீச்சர், கருவாடோ?”

“ஓம், நாய்க்கு.”

“நாய்க்கோ! நாங்கள் மனிசராத் தெரியேல்லையோ?” பஸ் முழுக்கச் சிரித்தது.

போய்ச் சேர்ந்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கறுப்பி என்னைக் கண்டு ஒருதரம் வாலை ஆட்டினாள், அவ்வளவுதான். கழுத்துக் கயிற்றின் மறுநுனி அண்ணையின் மணிக்கட்டில் கட்டியிருந்தது.

“எப்பவும் இப்பிடியோ கட்டி வைச்சிருக்கிறீங்கள்?”

“ராவும் பகலும்தான் டீச்சர். கயித்தை விடவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. நான் சொன்னது தெருவுக்கு. கழுத்தில் கயிறு இருந்தால் விளையாட்டே கூடாது என்று குட்டியிலேயே அவளை அடக்கிப் பழக்கியதும் நான்தான். எப்போது அவிழ்ப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏழு மாதமாக அந்தச் சீவன் ஓய்வில்லாமல் வேலை செய்திருக்கிறது. என் மடத்தனம்!

அன்று பின்னேரமே வற்றிய குளத்துக்குள் இருவரையும் கூட்டிப்போய்க் கயிற்றைக் கழற்றவைத்தேன். கறுப்பி அசையவில்லை, அவர் காலடியிலேயே இருந்தாள். தேங்காய் உரித்த பொச்சு மட்டையை எறிந்தேன், பார்த்தாள், எழும்பவில்லை. கருவாட்டைக் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளும் அதே கதை.

மூன்றாம் நாள்தான் என் மண்டையில் உறைத்தது. அண்ணை கையை நீட்டியபடி விறைத்துப்போய் நிற்கிறார். அவர் அப்படி நின்றால் வேலை முடிந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

“அண்ணை, நீங்களும் குந்தியிருந்து விளையாடுங்கோ.”

“நானா? ஊரு சிரிக்கும் டீச்சர்.”

“சிரிக்கட்டும். இருங்கோ!”

கூட வந்திருந்த சரசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் மண்ணில் குந்தினார், பொச்சை உருட்டினார், தவழ்ந்துபோய் அதைத் தடவித் தேடினார். கறுப்பி தலையைச் சரித்துப் பார்த்தாள். திடீரென்று ஒரு குரைப்பு! பொச்சைக் கவ்விக்கொண்டு ஒரே ஓட்டம், கரையிலிருந்த பற்றைச் செடிகளுக்குள் மறைந்துவிட்டாள்.

“போயிட்டாளா?” அவர் முகம் வெளுத்துவிட்டது. கூப்பிட வாயெடுத்தார்.

“கூப்பிடாதேங்கோ,” என்றேன். இவள் திரும்பி வராவிட்டால் அந்த மனிதருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

நெடுநேரம் போனது. பிறகு புழுதி பறக்கப் பாய்ந்து வந்து அவரை மண்ணில் உருட்டிவிட்டு முகமெல்லாம் நக்கினாள். அவர் அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன்.

வேலைநாய் வைத்திருப்பவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். தினமும் ஒரே நேரத்தில் கயிற்றைக் கழற்றச் சொல்லுங்கள். நாயைத் தனியே விளையாட விடாதீர்கள், எசமானும் மண்ணில் இறங்கவேண்டும். ஓடினால் உடனே கூப்பிடக்கூடாது. முதல் நாளே நடக்கவில்லை என்று பெட்டியைக் கட்டாதீர்கள்; நான்கு நாளாவது தங்குங்கள்.

ஐந்தாம் நாள் மாலை ஐந்து மணிக்கு மாங்குளம் பஸ். என்னை ஏற்றிவிடச் சரசு தனியாகத்தான் வந்தாள்.

“அவரு கோவிச்சுக்காதீங்கன்னு சொன்னாரு டீச்சர். இப்ப கறுப்பிக்கு லீவு நேரமாம், ஆறு மணிக்கு மேலதான் எங்கயும் வருவாராம்.”