வெட்டுப்புள்ளிக்கு முந்திய செய்தி

அருந்ததி அக்காவைப் பற்றி நான் எழுதியது ஒரேயொரு வரி. "எமது பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர் செல்வி அருந்ததி கேதீஸ்வரன் மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியுள்ளார்." எங்கள் பாடசாலை மாணவர் பத்திரிகையின் முதற் பக்கத்தில், கொட்டை எழுத்தில், படத்தோடு வந்தது. அதை எழுதிய நாளில் அவரை எந்தப் பீடமும் தெரிவு செய்திருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அவருடைய வீடு புத்தூரில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவில். தகப்பன் கேதீஸ்வரன் வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். தாய் இல்லை. பின்னேரங்களில் தகப்பனும் மகளும் விறாந்தையில் இருந்து வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டுவார்கள். அக்காவின் மடியில் விலங்கியல் கொப்பி திறந்தபடி கிடக்கும். வகுப்பில் யாராவது வெங்காயம் மணக்கிறது என்று மூக்கைப் பொத்திப் பகிடி பண்ணினால், "சாப்பிடேக்கை மணக்கேல்லையே?" என்று மட்டும் கேட்பார்.

பத்திரிகை மாதம் ஒருமுறை, நாலு பக்கம். அவர் ஆசிரியராக இருந்த ஒன்றரை வருடமும் எங்களுக்குச் சீவன் போனது. ஒருமுறை விளையாட்டுப் போட்டியில் குண்டெறிதலில் வென்றவனுடைய தூரத்தை நான் பத்து சென்ரிமீற்றர் கூட்டி எழுதிவிட்டேன். சந்தேகம் வந்ததும் அக்கா, நடுவராக இருந்த சேரிடம் கேட்பதற்காக நெல்லியடி வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய் வந்தார்.

"பத்து சென்ரிமீற்றரிலை ஆர் அக்கா சாகப் போகினம்?" என்று சிணுங்கினேன்.

"அவன் எறிஞ்சது அவ்வளவுதானே. அதுக்கு மேலை குடுக்க நீ ஆர்?" என்றார். எனக்கு அப்போது அவர் ஒரு முசுடு என்றுதான் பட்டது.

உயர்தரப் பரீட்சை முடிவு வரும்போது புள்ளியும் மாவட்ட நிலையும் மட்டும்தான் வரும். அந்தப் புள்ளிக்குப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பீடம் என்று தீர்மானிக்கிற வெட்டுப்புள்ளி வர மாதக்கணக்கு ஆகும். யாழ்ப்பாணத்தில் யாருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது? போன வருட வெட்டுப்புள்ளியை வைத்து அளந்து பார்த்து, அன்று பின்னேரமே சந்தியில் பதாகை கட்டிவிடுவோம். பிள்ளை பிறக்கமுதல் பெயர் வைக்கிற சனம் நாங்கள். அக்காவின் புள்ளி போன வருட வெட்டுப்புள்ளியைவிட ஒரு நூல் கூடுதலாக இருந்தது.

செய்தியைப் போடலாமா என்று அக்காவைத் தொலைபேசியில் எடுத்துக் கேட்டேன். "வெட்டுப்புள்ளி வரட்டும் றெபேக்கா. அதுவரைக்கும் ஒண்டும் போடாதை" என்றார். "ஓம் அக்கா" என்றேன்.

பத்திரிகைக்குப் பொறுப்பான துரைராஜா சேர் ஒத்துக்கொள்ளவில்லை. "மற்றப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் போட்டிட்டுது. நாங்கள் மட்டும் வாயைப் பாத்துக்கொண்டு இருக்கிறதே?" என்றார். அவரைக் குற்றம் சொல்லித் தப்ப எனக்கு விருப்பமில்லை. அக்காவுக்குப் பிறகு ஆசிரியராக வந்த எனக்கும், முதல் இதழில் ஒரு பெரிய செய்தி வேண்டியிருந்தது.

கேதீஸ்வரன் ஐயா அந்தப் பக்கத்தை லமினேற் செய்வித்தார். பிள்ளையார் கோயிலில் பொங்கிப் படைத்தார். சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகும்போதும் பத்திரிகை கூடவே போனது. வியாபாரிகள் "டொக்டரின்ரை அப்பா" என்று கூப்பிட, கூச்சப்பட்டு, திரும்பவும் கூப்பிடட்டும் என்று இன்னொரு சுற்றுச் சுற்றி வருவாராம். "இன்னும் முடிவாகேல்லை அப்பா" என்று மகள் சொல்லச் சொல்ல, "பேப்பரிலையே போட்டாச்சு, நீ ஏன் பயப்பிடுறாய்?" என்பாராம்.

அந்த வருடம் வெட்டுப்புள்ளி ஏறிவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அடுத்த நாள் காலை அக்கா பாடசாலைக்கு வந்து என்னை வெளியே கூப்பிட்டார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். திருத்தம் என்று தலைப்பிட்டு, தன்னைப் பற்றி வெளிவந்த செய்தி தவறு என்று தானே இரண்டு வரி எழுதியிருந்தார்.

"இதைப் போடு. நான் சொன்னா அப்பா நம்புறாரில்லை. கம்பசுக்கு எடுக்கிறவங்கள்தான் எங்கையோ பிழை விட்டிட்டாங்கள், பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டிக் கேக்கப்போறன் எண்டு கொழும்புக்கு வெளிக்கிடுறார். பேப்பரிலை வந்தாத்தான் நிப்பார். அங்கை போய் அவர் அவமானப்படக் கூடாது."

துரைராஜா சேர் அதை வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். "உதைப் போட்டா, தெரியாத சனத்துக்கும் தெரியவரும். அந்தப் பிள்ளைக்கும் மரியாதை இல்லை, எங்களுக்கும் இல்லை" என்றார். எனக்கு அது நியாயமாகவும் பட்டது, வசதியாகவும் இருந்தது. அச்சுக்குப் போகும் பக்கங்கள் என் கையால்தான் போயின. சேருக்குத் தெரியாமல் இரண்டு வரி செருகியிருக்கலாம். நான் செருகவில்லை.

ஐயா கொழும்புக்குப் போனார். தனியே விட மனமில்லாமல் அக்காவும் போனார். அங்கே நடந்ததை அவர் ஒரே ஒரு தடவைதான் எனக்குச் சொன்னார். பல்கலைக்கழக அனுமதி அலுவலகத்தில் வரிசையில் நின்று, யன்னலுக்குள்ளால் ஐயா எங்கள் பத்திரிகையை நீட்டியிருக்கிறார். உள்ளே இருந்த பெண்ணுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தன்மையானவளாம். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அக்காவிடம் ஆங்கிலத்தில் கேட்டாளாம். பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. "சொல்லு பிள்ளை, வடிவாச் சொல்லு" என்றாராம் தகப்பன்.

இது எங்கள் பள்ளிக்கூடப் பத்திரிகை, இதில் இருப்பது பிழை, நான் தெரிவாகவில்லை என்று அக்கா அவளிடம் சொல்லியிருக்கிறார். பிறகு தகப்பனின் பக்கம் திரும்பி, அதையே தமிழிலும் சொல்லியிருக்கிறார். பஸ் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை ஐயா ஒரு சொல் கதைக்கவில்லை.

அக்காவுக்குக் கிளிநொச்சியில் விவசாய பீடம் கிடைத்தது. "வெங்காயம் நடவும் கம்பசுக்குப் போகோணுமே?" என்று தகப்பன் பக்கத்து வீட்டாரிடம் கேட்டது அக்காவின் காதில் விழுந்திருக்கிறது. அவர் போகவில்லை. இப்போது நெல்லியடியில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் நோயாளருக்கு நம்பர் துண்டு கொடுக்கிறார். விடியச் சமைத்து மூடி வைத்துவிட்டு பஸ் ஏறுகிறார்.

இரண்டு வருடமாக நான் அவர்கள் வீட்டு ஒழுங்கையைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன். இந்தத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தால் வந்த கையோடு துணிந்து போய்விட்டேன். ஐயா முற்றத்தில் தண்ணீர் இறைக்கும் மிசினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தச் செய்தியை எழுதினது நான்தான். அக்கா வேண்டாம் எண்டு சொன்னவ. நான் பிழையாப் போட்டிட்டன்." அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன். அழுதேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார். "அழாதை பிள்ளை. நீ சரியாத்தான் எழுதினனி. நாலு பேர் பாத்துத்தானே பேப்பர் அடிக்கிறது. உவள் அங்கை வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தா அவங்கள் எடுத்திருப்பாங்கள். தன்ரை வாயாலையே இல்லையெண்டு சொல்லுற பிள்ளையை ஆர் எடுப்பினம்?"

இல்லை ஐயா, அக்கா சொன்னதுதான் உண்மை என்று நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சின்னப் பிள்ளையின் பெருந்தன்மையைக் கேட்பதுபோலத் தலையாட்டினார்.

அக்கா குசினியில் இருந்து இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு வந்தார். எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். ஒன்றை என்னிடம் தந்தார். மற்றதைத் தகப்பனுக்குப் பக்கத்தில் வைத்து, "அப்பா, தேத்தண்ணி" என்றார். ஐயா திரும்பிப் பார்க்கவில்லை. கொழும்பால் வந்த நாளிலிருந்து அவர் மகளோடு கதைப்பதில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்கா கோப்பையை அவர் கைக்கு எட்ட நகர்த்திவிட்டு உள்ளே போனார்.

"ஆறமுதல் குடி பிள்ளை" என்று ஐயா என்னிடம் அன்பாகச் சொன்னார்.