வீடு வீடாகப் போன சங்கிலி

றமீஸா ராத்தாவுக்கு வீட்டில் கால் தரிக்காது. ஏறாவூரில், வாவிப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில் யாருக்குத் தலையிடி என்றாலும் முதலில் போய் நிற்பவர் அவர்தான். கணவர் சரீப் கட்டாரில் வேலை. மகன் இர்ஷாத் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். சமையல் முடிந்த கையோடு அபாயாவை மாட்டிக்கொண்டு ராத்தா புறப்பட்டுவிடுவார். அடுத்த வீட்டில் இருக்கும் எனக்கு அந்த வீட்டுக் கேற் திறக்கும் சத்தம் கேட்டாலே எரிச்சல் வரும்.

பெருநாள் முடிந்ததும் ஊரில் கூகைக்கட்டு கிளம்பியது. காதின் கீழே தாடை வீங்கி, காய்ச்சலும் அடிக்கும் வருத்தம். கழுத்தில் தங்கம் கிடந்தால் வீக்கம் வற்றும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். ராத்தாவிடம் சரீப் வாங்கி அனுப்பிய தடித்த சங்கிலி ஒன்று இருந்தது. யார் இரவல் கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார். ஆனால் இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பவும் மாட்டார். தானே போய், பிஸ்மி சொல்லிப் பிள்ளையின் கழுத்தில் போட்டு, கன்னத்தில் முத்தமிட்டுக் கொஞ்சி, தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் திரும்புவார். வீக்கம் வற்றியதும் கழற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்.

“தொத்து வருத்தம் ராத்தா. கொஞ்ச நாளைக்கு வீட்டுல இரிங்களன்,” என்றேன்.

“எனக்கு என்னகா வரப்போகுது? புள்ளயள் அழுகுதுகள்,” என்றார், செருப்பை மாட்டியபடியே.

இர்ஷாத்துக்கு நிக்காஹ் நாள் குறித்திருந்தது. பெண் ஓட்டமாவடி நிஸ்மியா. அந்த வீட்டுக்கும் ராத்தா பலகாரத்தோடு ஓடினார். மருமகளாக வரப்போகிறவளைக் கட்டிக் கொஞ்சிவிட்டு வந்தார்.

ஒரு காலையில் இர்ஷாத் வீங்கிய தாடையோடு எழும்பினான். சங்கிலி அவன் கழுத்துக்கு வந்தது. முகம் வற்றத் தொடங்கியது. ராத்தாவுக்கு ஒரே பெருமை. ஆனால் சில நாளில் மறுபடியும் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. அவனால் நடக்க முடியவில்லை. எங்கே வலிக்கிறது என்று தாயிடம் சொல்ல வெட்கப்பட்டு, என் கணவரிடம்தான் சொன்னான். விதை ஒன்று வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

“என்ட மகனுக்கு இனிப் புள்ள கிடைக்குமா?” ராத்தா டொக்டரிடம் நேராகவே கேட்டார்.

“பெரும்பாலும் ஒரு பிரச்சினையும் வராது,” என்று டொக்டர் மருந்து தந்து அவனை வீட்டுக்கு அனுப்பினார்.

அந்தப் ‘பெரும்பாலும்’ ராத்தாவைத் தூங்கவிடவில்லை. குசினிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

அடுத்த நாள் சுகாதாரப் பரிசோதகர் உதயரூபன் வந்து, எந்தெந்த வீடுகளில் வருத்தம் என்று கேட்டார். ராத்தா உற்சாகமாகத்தான் சொல்லத் தொடங்கினார். போகப்போகக் குரல் இறங்கியது. எல்லாம் அவர் போய்வந்த வீடுகள்.

“இந்த வைரஸ் எச்சில், தும்மலாலதான் பரவும் அக்கா,” என்றார் அவர். “வீங்கிறதுக்கு முதலே மத்தவங்களுக்குத் தொத்திரும். சில ஆக்களுக்கு வீக்கமே வராது, ஆனா அவங்களும் பரப்புவாங்க. சின்னப் புள்ளயள் கனபேருக்கு ஊசி போட்டிருக்கு. உங்கட மகன் சின்னவரா இருக்கக்குள்ள இதுக்கு ஊசி குடுக்கல்ல.”

“அப்ப எனக்கும் வந்திரிக்குமா சேர்?”

“வந்திருக்கலாம்.”

“என்ட புள்ளைக்கு நான்தான் குடுத்தனா?”

“அதை ஆராலயும் சொல்ல ஏலாது அக்கா.”

ராத்தாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவர் மீது எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

பின்னேரம் போன் அடித்தது. நிஸ்மியாவின் உம்மா. அவர் பதறிப் பேசியது எனக்கும் கேட்டது: “மச்சி, மகளுக்குத் தாடை வீங்கியிரிக்கு. உங்கட சங்கிலியக் கொண்டு கெதியா வாங்க.”

ராத்தாவின் கை பழக்கத்தில் அபாயாவை எடுத்துவிட்டது. ஒரு கணம் அதைப் பிடித்தபடி நின்றார். பிறகு கதிரையில் போட்டார்.

“நான் வரமாட்டன் மச்சி. டொக்டரிட்டக் காட்டுங்க. ஒரு ஆளையும் உள்ளுக்கு எடுக்காதீங்க.”

“அப்ப சங்கிலி?”

“சங்கிலி என்ட மகன்ட கழுத்துலதான் கிடக்கு,” என்றார். “அன்டைக்கு நான் வந்து உங்கட மகளக் கொஞ்சினன் மச்சி. அப்பவே குடுத்துட்டன் போல.”

ராத்தா போனை வைத்துவிட்டு என்னை வெளியே அனுப்பினார். உள்ளே நின்றபடி கேற்றைப் பூட்டினார். திறப்பைக் கம்பிக்கூடாக என்னிடம் நீட்டி, “நான் கேட்டாலும் தராத,” என்றார்.